கிழக்குப் பாதி வெயில்

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் சோலார்க்காரர் வந்தார். பெயர் ஜெபராஜ். வாசலில் செருப்பைக் கழற்றும்போது பேச ஆரம்பித்தவர், மொட்டை மாடிக்கு ஏறி இறங்கி காபி குடித்து முடிக்கும்வரை நிறுத்தவில்லை. நான் முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் அடுத்தவர் பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். எனக்கே தலை வலித்தது.

மாடியை அளந்தார். இந்த வீடு மாமனார் கட்டியது. கீழ்த்தளம் எங்களுக்கு, மேல்தளம் கொழுந்தன் சங்கரனுக்கு. மொட்டை மாடி நடுவே மாமனார் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டுப் பிரித்துவிட்டுப் போனார். மேற்குப் பக்கம்தான் காற்று வரும் என்று சங்கரன் பெண்டாட்டி மங்கை அன்றைக்கு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது பக்கத்து மனையில் மூன்று மாடிக்கு ஸ்கேன் சென்டர் எழும்பிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் அவள் பாதி முழுவதும் நிழல். படிக்கட்டுக் கூண்டும் தண்ணீர்த் தொட்டியும் அவள் பக்கம்தான். வெயில் எங்கள் பக்கம். கடவுள் சில சமயம் ஒழுங்காகத்தான் வேலை பார்க்கிறார்.

"உங்க பில்லுக்கு மூணு கிலோவாட் தாராளம் மேடம். ஆறு பேனல் போதும். மீதி இடம் சும்மா கெடக்கும்" என்றார் ஜெபராஜ்.

"நெருக்கி வச்சா எத்தன கொள்ளும்?"

"பத்து வைக்கலாம். ஆனா உங்களுக்குத் தேவை இல்லியே."

"பத்தையும் வையுங்க."

என் வீட்டுக்காரர் என் முதுகுக்குப் பின்னால் நின்று முனகினார். "ஏளா பிரமு, ரெண்டு பேருக்கு எதுக்கு அம்புட்டு?"

"இடம் மிச்சம் இருந்தா எவளாவது துணி காயப் போடுவா" என்றேன். ஜெபராஜ் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 23, புதன்

இன்று எழுத வேண்டிய விஷயம், மேலே கேட்கிற சத்தம். ஒரு மாதிரி உறுமல். நடுவில் நடுவில் பெருமூச்சு விடுவதுபோல ஒரு 'புஸ்'. பகல் முழுக்கக் கேட்கிறது. மாவு மெஷின் போட்டு வியாபாரம் நடத்துகிறாளோ என்னவோ. குடியிருக்கிற வீட்டில் மெஷின் ஓட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது.

இவரை மேலே அனுப்பினேன். நானும் மங்கையும் பேசி ஏழு வருடம் ஆகிறது. சங்கரனோடும் அப்படித்தான். அண்ணன் தம்பிக்குள் மட்டும் ஏதோ ஒன்றிரண்டு வார்த்தை உண்டு. அதை நான் தடுப்பதில்லை.

இவர் போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தார். "நிறுத்த முடியாதாம்" என்றார்.

"நிறுத்த முடியாதா, நிறுத்த மாட்டாளா?"

"முடியாதாம்."

திமிர்தான். வேறென்ன.

ஏப்ரல் 26, சனி

சங்கரன் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். பொம்பளைப் புடவை எல்லாம் அவன்தான் உதறிப் போடுகிறான். மகாராணி படியேறுவது இல்லை. முன்பெல்லாம் அவள் கத்தினால் மூன்றாவது தெருவில் கேட்கும். இப்போது குரலே இல்லை. புருஷனை இப்படி வேலை வாங்கினால் குரல் எதற்கு?

முருங்கைக்காய் வாங்கினேன். எல்லாம் முற்றல்.

ஏப்ரல் 30, புதன்

சங்கரன் இவர் மூலம் தூது விட்டிருக்கிறான். அவனும் சோலார் போடப் போகிறானாம். பேட்டரியோடு சேர்ந்தது, ஹைப்ரிட் என்று சொல்வார்கள். கரண்ட் போனாலும் அது வேலை செய்யுமாம். அவன் பாதியில் நிழல் விழுவதால், கிழக்குப் பாதியில் நான்கைந்து பேனலுக்கு மட்டும் இடம் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறான்.

"முடியாதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லேன்."

"ஏழு வருஷமா யோசிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்."

எதற்கு ஏழு வருடம் என்று இவருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. என் மகள் வல்லிக்குத் தூத்துக்குடியில் ஒரு இடம் அமைந்திருந்தது. தட்டு மாற்ற நாள் குறித்தாயிற்று. அதற்கு முன்னால் மங்கை போய் மாப்பிள்ளையின் அம்மாவிடம், வல்லிக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். இரண்டே தடவை வந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில் நின்றும் போனது. மறுநாள் அவர்கள் தரகர் மூலம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் வாங்கி வைத்த பட்டுப் புடவையை மடிப்புக் கலையாமல் கடையில் திருப்பிக் கொடுத்தேன். வல்லி இப்போது ஓசூரில் புருஷனோடு நன்றாகத்தான் இருக்கிறாள். அது வேறு விஷயம்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டது. ஜெபராஜ் போனை எடுக்கவில்லை.

மே 7, புதன்

ஜெபராஜ் வந்தார். பேனல் வந்துவிட்டதாம். கடைசியாக ஒருமுறை கேட்கிறேன் என்று ஆரம்பித்தார்.

"மேடம், நீங்க சொன்னது ஆன்-கிரிட். கரண்ட் இருந்தாத்தான் இது ஓடும். லைன்ல கரண்ட் போயிட்டுன்னா, வெயில் கொளுத்துனாலும் இது நின்னுரும். கம்பத்துல ஏறி வேலை பாக்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிச்சிரக் கூடாதுல்லா, அதுக்காகத்தான். கட்டாகும்போதும் வேணும்னா பேட்டரி வச்ச ஹைப்ரிட்டுக்குப் போகணும்."

"எங்களுக்கு இன்வெர்ட்டர் இருக்கு. அது போதும்."

"இல்ல, மாடியில உள்ளவங்களும் கேட்டாங்க... ரெண்டு வீட்டுக்கும் சேத்துப் பிளான் பண்ணா..."

"நான் உங்களக் கூப்பிட்டது என் வீட்டுக்கு" என்றேன். அவர் அதற்குப் பிறகு ஆன்-கிரிட் பற்றி மட்டுமே பேசினார்.

இரவு வல்லி போன் செய்தாள். அவளும் அதையே ஓதினாள். "அம்மா, பேட்டரி வச்சது போடேன். சித்தப்பாவுக்கும் கொஞ்சம் இடம் குடேன்." அவளுக்கு யார் சொன்னது? உன் கல்யாணத்தைக் கெடுத்தவளுக்கு நான் இடம் கொடுக்கணுமா என்று கேட்டேன். "அந்தக் கல்யாணம் நடந்திருந்தா நான் இப்ப எங்க இருப்பேனோ" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

மே 15, வியாழன்

பத்துப் பேனலும் ஏறிவிட்டது. கருநீலமாக, வரிசையாக, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் இடம் விடாமல். கம்பி கட்டுகிற பையன்கள் டிரில் போட்ட சத்தத்தில் மேல்வீட்டு மெஷின் சத்தம் கொஞ்சநேரம் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

சங்கரன் கூண்டு வாசலில் நின்று பார்த்தான். பார்த்துவிட்டு இறங்கிப் போனான். ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தேன். பதில் தயாராக வைத்திருந்தேன்.

மே 16, வெள்ளி

நேற்று இரவு இவர் சாப்பிடவில்லை. கேட்டால் வயிறு சரியில்லையாம்.

மே 29, வியாழன்

மின்வாரியத்திலிருந்து வந்து இரட்டை மீட்டர் மாட்டினார்கள். இனி எங்கள் கரண்ட் மிச்சம் ஆனால் வெளியே லைனுக்குப் போகும். யார் யார் வீட்டுக்கோ போகட்டும். மேலே போகாது.

ஜூன் 3, செவ்வாய்

மங்கைக்கு என்னமோ பெரிய இரும்பு சிலிண்டர் வந்து இறங்கியது. இரண்டு ஆள் தூக்கிப் படியேறினார்கள். சுவரில் இடித்து என் வாசல் பக்கம் சுண்ணாம்பு பெயர்ந்துவிட்டது. கேஸ் அடுப்பில் பலகாரக் கடை வைக்கப் போகிறாள்போல. அதை இவரிடம் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்தது இல்லை.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. சுண்ணாம்பு நான் பூசிருதேன்."

ஜூன் 12, வியாழன்

இதை உட்கார்ந்து எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்து மேல்காற்று பேய் மாதிரி அடித்தது. மழை இல்லை. நல்ல வெயில். பெருமாள்புரம் பக்கம் ஒரு மரம் லைன்மேல் சாய்ந்துவிட்டது என்றார்கள். கரண்ட் போய்விட்டது. எங்கள் இன்வெர்ட்டரில் காற்றாடியும் டிவியும் ஓடின. மாடியில் அவ்வளவு வெயிலில் என் பத்துப் பேனலும் சும்மா படுத்துக் கிடந்தன. ஜெபராஜ் சொன்னது சரிதான்.

கொஞ்ச நேரத்தில் மேல்வீட்டு உறுமல் நின்றது. சனியன் ஒழிந்தது என்று நினைத்தேன். பிறகு ஏதோ ஒரு பதற்றம் வந்தது. என்னவென்று தெரியவில்லை. நின்ற சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சமையலறைக்குப் போய் அரிசி களைந்து வைத்தேன். மத்தியானம் ஆகியிருக்கும். படிக்கட்டில் தடதடவென்று யாரோ இறங்கி வந்தார்கள்.

"மைனி! மைனி!"

ஏழு வருடம் கழித்து சங்கரன் என்னைக் கூப்பிட்டான். சட்டைப் பொத்தான் போடாமல், வியர்த்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மைனி, மங்கைக்கு மூச்சு வாங்குது. கரண்ட் போனதுமே எங்க இன்வெர்ட்டர்ல மாத்துனேன். பழைய பேட்டரி, சீக்கிரமே உயிர விட்டுட்டு. சிலிண்டரத் தொறந்து வச்சேன், அதுவும் தீரப் போகுது. வேற சிலிண்டர் கொண்டுவார வண்டி மரம் விழுந்ததுல அந்தப் பக்கம் நிக்கி. உங்க இன்வெர்ட்டர்ல இருந்து ஒரு லைன் மட்டும்..."

"என்ன மெஷின்?" என்றேன்.

"ஆக்சிஜன் மெஷின் மைனி. அவளுக்கு நுரையீரல் சுருங்கிட்டு."

டிவியை, காற்றாடியை, விளக்கை, எல்லாவற்றையும் அணைத்தேன். இவர் அதற்குள் கிரைண்டருக்குப் போடுகிற நீள ஒயர்ப் பெட்டியை எடுத்து வந்துவிட்டார். எங்கே இருக்கிறது என்று தேடக்கூட இல்லை. முன்னமே யோசித்து வைத்திருந்தவர் மாதிரி கூடத்து ஜன்னல் வழியாக வெளியே விட்டார். சங்கரன் மேலே பால்கனியிலிருந்து கயிறு போட்டு இழுத்தான். ஒயர் நடு அறை வரைக்கும் எட்டவில்லை. நான் மேலே போனேன். போக வேண்டியிருந்தது. ஆள் பிடித்தால்தான் கட்டிலை நகர்த்த முடியும்.

கட்டிலில் கிடந்தவள் மங்கை என்று சொன்னால்தான் தெரியும். அந்தத் தடித்த கைகள் எங்கே போயின? கழுத்து எலும்பு இரண்டும் கரண்டி மாதிரி எழும்பி நின்றன. மூக்கில் குழாய். உதடு நாவல்பழம் தின்றவள் மாதிரி நீலம். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் தூக்கிப் போட்டது. என்னைப் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பப் பார்த்தாள். அதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

கால்மாட்டில் நானும் தலைமாட்டில் சங்கரனுமாகக் கட்டிலை இழுத்தோம். பிளக்கை மாட்டினேன். உறுமல் ஆரம்பித்தது. பிறகு அந்த 'புஸ்'.

நான் அங்கேயே நின்றேன். உதட்டு நிறம் மாறுகிறவரை நின்றேன் என்று எழுதினால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். ஒயர் சூடாகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும், அதற்காகத்தான்.

எங்கள் பேட்டரியும் தீரப் போகிற நேரத்தில் சிலிண்டர் வண்டி வந்துவிட்டது. சாயங்காலம் கரண்டும் வந்தது. கீழே இறங்கி வந்தேன். களைந்த அரிசி ஊறி உப்பிக் கிடந்தது.

ஜூன் 13, வெள்ளி

எல்லோருக்கும் தெரியும்.

இவருக்குத் தெரியும். வல்லிக்கு இரண்டு வருடமாகத் தெரியும். அவள் வாரா வாரம் சித்திக்குப் போன் பேசுகிறாள். முதலில் இருமல், பிறகு நடந்தால் மூச்சு, இந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு மெஷின். காய்கறிக்காரிக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று இவரைக் கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னு மங்கை சத்தியம் வாங்கிட்டா."

"எதுக்கு?"

"'அக்கா எம்மேல இரக்கப்பட்டு வரக் கூடாது. அதுக்கு அவங்க திட்டுததே மேல்'னா."

நான் பாத்திரம் கழுவினேன். ஒரு டம்ளர் உடைந்தது. என்னமாய்த் திமிர் அவளுக்கு. மூச்சு இல்லாத நேரத்திலும் என்னை ஜெயிக்கப் பார்த்திருக்கிறாள்.

ஜூன் 16, திங்கள்

ஜெபராஜை வரச் சொன்னேன்.

"பத்துல அஞ்சுக்கு ஒயரக் கழத்தி மாடி வீட்டுக்கு மாட்டணும். பேட்டரி வச்ச ஹைப்ரிட் அவங்களுக்கு. நமக்கு அஞ்சு போதும்."

அவருக்கு வாயடைத்துப் போனது. இத்தனை நாளில் அதை இன்றுதான் பார்த்தேன். பிறகு மெல்ல, "மேடம், அன்னைக்கே சொன்னேன்..." என்றார்.

"அன்னைக்குச் சொன்னத இன்னைக்கு எதுக்குச் சொல்லுதீரு? முடியுமா, முடியாதா?"

முடியும் என்றார். புது இன்வெர்ட்டர், பேட்டரி, தனி ஒயர், மறுபடியும் மின்வாரியத்தில் மனு. பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டேன். பகலில் வெயில் ஏற ஏறப் பேட்டரியும் ஏறும், ராத்திரிக்கு அந்த மெஷின் ஒன்றை மட்டும் ஓட்டினால் விடியும்வரை தாங்கும் என்றார். விடியும்வரை தாங்கினால் போதாது, மறுநாள் மழை மூட்டமாக இருந்தால் என்ன செய்வது என்றேன். இன்னொரு பேட்டரி சேர்க்கலாம் என்றார். சேருங்கள் என்றேன். லித்தியம் பேட்டரியா பழைய மாதிரி ஆசிட் பேட்டரியா என்று கேட்டார். எது சத்தமில்லாமல் திடீரென்று சாகாதோ அது என்றேன். லித்தியம் என்று முடிவாயிற்று.

சங்கரன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கண் கலங்கினான். எனக்குப் பிடிக்கவில்லை.

"மைனி, நான் எப்படிச் சொல்லுவேன்..."

"ஒண்ணும் சொல்லாண்டாம். எங்களுக்குப் பத்து அதிகம். சும்மா லைனுக்குப் போயிக்கிட்டிருக்கு. பேனலும் எங்களது, இடமும் எங்களது. கோடு இருந்த எடத்துலயேதான் இருக்கும். கழுவித் துடைக்கிற வேல உங்களுக்கு."

இது முழுக்கக் கணக்கு வழக்கு. இரக்கம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளும்தான்.

ஜூன் 28, சனி

வேலை நடக்கிறது. ஒயர் மாற்றத் தூக்கிய ஒரு பேனலைப் பையன்கள் கீழே போடப் பார்த்தார்கள். நான் மாடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

மேல்வீட்டு ஹைப்ரிட் ஓட ஆரம்பித்தது. சோதித்துப் பார்க்க சங்கரன் மெயினை அணைத்தான். நான் கீழே கூடத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். உறுமல் ஒரு இழைகூட அறுபடவில்லை. மறுபடியும் அணைக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னபோது இவர், "போதும்ளா" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று மேலே போனேன்.

எதற்குப் போனேன் என்றால், சண்டை போட. ஏழு வருடமாக எனக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். தூத்துக்குடி, தரகர், திருப்பிக் கொடுத்த புடவை, தெருவில் என்னைப் பார்த்தவர்கள் பார்த்த பார்வை, அந்த வருடம் வல்லி அழாமல் இருந்தது. கரண்ட் கொடுத்ததால் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அவள் நினைத்துவிடக் கூடாது.

சங்கரனையும் இவரையும் மாடிக்குப் போய்ப் பேனல் துடைக்கச் சொன்னேன். கட்டிலுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நிறம் கொஞ்சம் தேவலை.

"வந்துட்டீங்களா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே மார்பு ஏறி இறங்கியது.

"நான் உன்னப் பாக்க வரல. கேக்க வந்தேன்" என்றேன். ஆரம்பித்தேன். ஒன்றையும் விடவில்லை. குரல் ஏறியது. ஸ்கேன் சென்டர் ஜன்னலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள். நடுவில் ஒருமுறை வாயைத் திறந்தாள், மூச்சு வரவில்லை, மூடிக்கொண்டாள். நான் பேசிக்கொண்டே போனேன். கடைசியில், "எம் பிள்ளைய ஊர் முன்னால குறைப்பட்டவளா நிறுத்துனியே, சொல்லுட்டி, எதுக்கு?" என்றேன்.

பழைய மங்கை என்றால் நான் பாதி சொல்லும் முன்னால் பத்து சொல்லியிருப்பாள். இவள் கையைத் தூக்கினாள். இரு என்பதுபோல. ஏழு வருடமாக நான் ஜெயிக்க ஆசைப்பட்ட சண்டை இது. ஆனால் வாய் பேச முடியாதவளிடம் ஜெயித்து வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"மெள்ளச் சொல்லு" என்றேன். "எனக்கு ஒரு வேலையும் இல்ல. இருக்கேன்."

இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு எடுத்துச் சொன்னாள்.

"எனக்கு... ஒரு தங்கச்சி இருந்தா... உங்களுக்குத் தெரியாது..."

தெரியாதுதான். இந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்ததிலிருந்து நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"வல்லி மாதிரித்தான்... அவளுக்கும் வரும்... எங்க அப்பா... மறைச்சுக் கட்டிக் குடுத்தாரு..."

மூச்சு வாங்கியது. குழாயைச் சரி செய்தேன். தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள்.

"மாப்பிள்ள வீட்டுல... வச்சு வந்துட்டு... பேய்ன்னாங்க... மருந்து குடுக்கல... அறையில... பூட்டி..."

நிறுத்தினாள். அதற்கு மேல் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் டம்ளரை மூடி வைத்தேன்.

பிறகு சொன்னேன். "அப்படின்னா எங்கிட்டல்லா முதல்ல சொல்லியிருக்கணும். அவங்ககிட்ட எதுக்குப் போன?"

கண்ணைத் திறந்தாள். அதில் அந்தப் பழைய கோபம் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

"சொன்னேன்..." என்றாள். "மூணு தடவ... சொன்னேன்... நீங்க..."

இருமல் வந்துவிட்டது. சங்கரன் மாடியிலிருந்து ஓடி வந்தான். இன்றைக்குப் போதும் மைனி என்றான்.

சொன்னாளாமே. எப்போது சொன்னாள்? எனக்கு நினைவில்லை. இருக்காது. பொய்யாகத்தான் இருக்கும். இறங்கி வந்ததிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கும் போக வேண்டும். அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.